ஓவனில் மொறுமொறு உருளைக்கிழங்கு: ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்

அப்பாவின் இரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன நாளோடு எங்கள் வீட்டுத் தாச்சி அலுமாரிக்குள் போய்விட்டது. பொரித்த மீன் போனதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. உருளைக்கிழங்குப் பொரியல் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சோற்றையும் பருப்பையும் குழைத்து, பக்கத்தில் சிவக்கப் பொரிந்த கிழங்கு நான்கைந்து துண்டு வைத்தால் அவருக்கு வேறு கறி வேண்டாம். அவித்த கிழங்கைக் கண்டதும், "இது காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது" என்று சொல்லிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அன்று பின்னேரம்தான் ஓவனைத் துடைத்து எடுத்தேன்.

2022இல் சமையல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாட்களில், அக்கா வீட்டில் பாவிக்காமல் கிடந்த ஓவனைக் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். மேசைமேல் வைக்கும் வகை. 35 லீற்றர், 1,600 வாட், மேலும் கீழும் சூடேறும் கம்பிகள், காற்றைச் சுழற்ற ஒரு சிறு விசிறி. அம்மாவுக்கு அது "பெட்டி". பாண் சுடும் இடம்தான் அவருக்குப் போறணை. போர்த்துக்கேயரின் 'ஃபோர்னோ' நம் வாயில் போறணையாகி, பாணோடு சேர்ந்து ஊரிலேயே தங்கிவிட்டது. இந்தப் பெட்டிக்கு அந்தப் பெயரைக் கொடுக்க அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.

முதல் ஞாயிறு பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கிழங்கைத் தோல் சீவி, வெட்டி, எண்ணெயும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பச்சையாகவே தட்டில் பரப்பி, 200 பாகையில் 40 நிமிடம் விட்டேன். வெளியே வந்தவை சுருங்கி, தோல் தடித்து, கடித்தால் பல்லோடு இழுபட்டன. உள்ளே மா இல்லை, பசைதான் இருந்தது. மிளகாய்த்தூள் கருகிக் கசந்தது. அம்மா ஒரு துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "வாடிப் போயிருக்கிறது, தம்பி" என்றார்.

இரண்டாம் ஞாயிறு கிழங்கை முதலில் பாதி அவித்துக்கொண்டேன். எண்ணெய்க்குக் கையில் கிடைத்த தேங்காய் எண்ணெயை எடுத்தேன். சூடு போதாததுதான் போன வாரத்துப் பிழை என்று நினைத்து, குமிழைக் கடைசி வரை திருப்பி 230இல் வைத்தேன். கால் மணி நேரத்தில் குசினி முழுக்கப் புகை. செக்கில் ஆட்டி, சுத்திகரிக்காமல் வரும் தேங்காய் எண்ணெய் 175 பாகை அளவிலேயே புகையத் தொடங்கிவிடும். தாளிப்பதற்கு அது போதும், அங்கே சில விநாடி வேலைதான். முக்கால் மணி நேரம் 200 பாகைக்கு மேல் நிற்கும் வேலைக்கு அந்த எண்ணெய் தாங்காது. தொடர்மாடியில் ஐந்தாம் மாடி என்பதால் யன்னலைத் திறந்ததும் கடற்காற்று உள்ளே வந்து புகையைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளியது. எதிர்வீட்டு மாமி கதவைத் தட்டி, எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

புகை அடங்கிய பிறகும் இன்னொரு நாற்றம் நின்றது. பிளாஸ்டிக் இளகும் நாற்றம். ஓவன் பிளக்கைத் தொட்டேன், கை வைக்க முடியவில்லை. 1,600 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 7 ஆம்பியர். நான் அதைச் செருகியிருந்ததோ பழைய வட்டக்கால் 5 ஆம்பியர் பிளக்கில், அதுவும் ஓர் இணைப்பு வயரின் நுனியில். இதை ஒரு முறை எழுதிக் கணக்குப் பார்க்காமல் இரண்டு வாரம் ஓடவிட்டது பெரிய பிழை. மறுநாள் மின்வேலை செய்பவரை அழைத்தோம். சுவர்ப் பிளக்கைக் கழற்றியபோது ஒரு செப்பு வயரின் மேலுறை ஓர் அங்குலம் கறுத்துப் போயிருந்தது. தடித்த வயர் இழுத்து 13 ஆம்பியர் பிளக் போட்டுத் தந்தார். இணைப்பு வயர் இனி இந்த ஓவனுக்குக் கிடையாது. கிழங்கு சுடப் போகிறவர்கள் சமையற் குறிப்பைப் பார்க்கும் முன் தங்கள் சுவரைப் பார்க்கட்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் ஞாயிற்றுக்கு முன் புறக்கோட்டையில் ஓவனுக்குள் வைக்கும் சிறு வெப்பமானி ஒன்று வாங்கினேன். இந்த ஆறு வாரத்தில் செலவழித்த காசில் மிகவும் பயன்பட்டது அதுதான். குமிழை 230இல் வைத்தேன். ஆறு நிமிடத்தில் சிவப்பு விளக்கு அணைந்தது, சூடாகிவிட்டது என்று பொருள். வெப்பமானி காட்டியது 170. விளக்கு அணைவதும் எரிவதுமாக இருபது நிமிடம் போன பிறகுதான் முள் 210க்கு வந்து நின்றது. கம்பிக்கு அருகிலிருக்கும் காற்று சூடானதை மட்டும் விளக்கு சொல்கிறது. சுவர்களும் தட்டும் சூடேற நேரம் வேண்டும். கதவைத் திறந்து இருபது விநாடியில் மூடினேன், முள் 150க்கு இறங்கியது. ஆவல் தாங்காமல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்த முதலிரண்டு ஞாயிறும் கிழங்கு எந்தச் சூட்டில் கிடந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது.

சூடு சரியாகியும் மூன்றாம் வாரக் கிழங்கு வேறு விதமாக ஏமாற்றியது. 25 நிமிடத்தில் ஓரங்கள் கடும் பழுப்பாகி, சில இடம் கறுத்துவிட்டன. மொறுமொறுப்போ வரவில்லை. வாயில் ஓர் இனிப்பு. காரணம் குளிர்சாதனப் பெட்டி. மழைக்கு முளை விட்டுவிடும் என்று அம்மா கிழங்கை இரண்டு வாரமாக அதன் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். குளிரில் கிடக்கும் உருளைக்கிழங்கு தன் மாப்பொருளில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சர்க்கரை சூட்டில் விரைவாகக் கறுக்கும். அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருளும் அப்படிப்பட்ட கிழங்கில்தான் கூடுதலாக உண்டாகும். இப்போது எங்கள் வீட்டுக் கிழங்கு, வெங்காயக் கூடையிலிருந்து விலகி, மூலையில் சாக்கு மூடிய பெட்டிக்குள் இருட்டில் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் வாங்கி வைப்பதில்லை.

கிழங்கைப் பற்றிப் பேச்சு வந்ததால் சந்தைக்கும் போய்வர வேண்டும். வெள்ளவத்தைச் சந்தையில் இரண்டு குவியல். ஒன்று செம்மண் அப்பிய நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் கிழங்கு. மற்றது கழுவியதுபோல் வெளுத்த இறக்குமதிக் கிழங்கு. மலைநாட்டில் பெரும்பாலும் பயிராவது கிரனோலா என்ற இனம், மஞ்சள் சதை, உருண்டை வடிவம். விலை உள்ளூர்க் கிழங்குக்குத்தான் கூட. இறக்குமதிக் கிழங்கில் செம்மண் பூசி உள்ளூர்க் கிழங்கென்று விற்றதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்ததுண்டு. ஆகவே மண்ணை மட்டும் நம்பி நான் வாங்குவதில்லை.

கறிக்கு எது நல்லது என்பது அம்மாவுக்குக் கை தொட்டதும் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது எதில் மா அதிகம் என்பது. அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு கோப்பை உப்புக்குப் பதினொரு கோப்பை தண்ணீர் என்று கரைத்து அதில் கிழங்கைப் போட வேண்டும். மா நிறைந்த கிழங்கு கனமானது, தாழும். நீர் மிகுந்த, அவித்தாலும் உடையாத கிழங்கு மிதக்கும். வாளியில் கரைத்து ஒவ்வொரு வகையிலும் ஆறு போட்டேன். செம்மண் கிழங்கில் இரண்டு தாழ்ந்தன, நான்கு மிதந்தன. வெளுத்ததில் ஐந்து தாழ்ந்தன. அந்த நாள் அந்தக் கடைக்கு மட்டும் பொருந்தும் கணக்கு இது. அடுத்த வாரம் மாறலாம். அப்பா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றும் தாழ்கிறதா மிதக்கிறதா என்று எண்ணிச் சொன்னார். தாழ்ந்தவை ஓவனுக்கு, மிதந்தவை பிரட்டலுக்கு என்று பிரித்துக்கொண்டோம். இரண்டுக்கும் வீட்டில் வேலை இருந்தது.

நான்காம் ஞாயிறுதான் எல்லாம் திரும்பிய நாள். திருப்பியவர் அம்மா.

அவித்த கிழங்கின் மேற்பரப்பு கொஞ்சம் உடைந்து, மாப்போல ஒட்டிக்கொண்டால்தான் அது எண்ணெயில் பொருக்காகும் என்பது அதுவரை எனக்குப் பிடிபட்டிருந்தது. ஆனால் மேற்பரப்பு உடையும்வரை அவித்தால் துண்டே சிதறியது. துண்டு நிற்கும்படி அவித்தால் மேற்பரப்பு வழுவழுவென்றிருந்தது. வடித்த கிழங்கை வைத்துக்கொண்டு இதைச் சொல்லிப் புலம்பியபோது, வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னார்: "ஊரில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அம்மம்மா ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுவார். கரைந்து போகும். புளி விட்ட பிறகு கத்தரிக்காய் வேகாமல் கிடக்கும், அதுவும் தெரியும்தானே?"

யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லில் தோண்டியவை. அந்த நீரில் கல்சியம் மிகுதி. காய்கறியின் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. கல்சியம் அதை இறுக்குகிறது, புளிப்பும் அதைக் கரையவிடாது. அப்பச்சோடாவின் காரத்தன்மை அதை விரைவாகக் கரைக்கிறது. அம்மம்மாவின் ஒரு சிட்டிகை செய்த வேலை அதுதான். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் பருப்பு தானாகவே வேகும் என்பதால் எங்கள் குசினியில் அப்பச்சோடா அப்பத்துக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. கிழங்குக்கு நான் தேடியதும் அதே வேலை. வெளிப்புறத்தை மட்டும் விரைவாகக் கரைக்க வேண்டும், உள்ளே போவதற்குள் நிறுத்திவிட வேண்டும்.

ஆவலில் முதல் பானைக்குக் குவித்து ஒரு தேக்கரண்டி போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் மஞ்சள் கஞ்சியானது, வடித்த கிழங்கில் சவர்க்கார வாடை. அதைக் கொட்டினேன். இரண்டாவது பானையில் அளந்து செய்தேன். 2 லீற்றர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா தட்டையாக, ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு. 750 கிராம் கிழங்கைத் தோல் சீவி, ஒவ்வொன்றையும் சாய்வாக நாலாக வெட்டினேன். சாய்வு வெட்டில் கூர் விளிம்புகள் அதிகம், மொறுமொறுப்பு அங்கேதான் தங்கும். குளிர்ந்த நீரிலேயே கிழங்கைப் போட்டு அடுப்பை ஏற்றினேன். கொதித்ததும் தணலைக் குறைத்துப் பத்து நிமிடம் விட்டேன். கத்தி நுனி தடையின்றி இறங்கியது, தூக்கினால் துண்டு நழுவவில்லை. வடித்தேன்.

பானையை மூடி இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினேன். முதலில் கல் உருள்வதுபோல் 'டக டக' என்றது. ஏழெட்டுக் குலுக்கலில் சத்தம் அமுங்கி, ஈரத் துணி அடிபடுவதுபோல் ஆனது. மூடியைத் திறந்தால் ஒவ்வொரு துண்டின் மேலும் தோசைமாப் பூசியதுபோல் ஒரு படலம். விரலால் தொட்டால் சொரசொரவென்றிருந்தது. கீழே வெட்டு விளிம்புகள் அப்படியே நின்றன. அந்தப் படலம்தான் பிறகு பொருக்காகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். மூன்று ஞாயிறாக நான் ஓவனுக்குள் தேடியது பானைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அன்றைக்குக் கிடைத்தது நல்ல பொருக்குத்தான். ஆனால் மேசைக்கு வந்து பத்து நிமிடத்தில் இளகிவிட்டது. இதுவும் ஈரத்தின் விளையாட்டு. தண்ணீர் இருக்கும்வரை மேற்பரப்பு 100 பாகைக்கு மேல் ஏறாது, சிவப்பதோ ஏறத்தாழ 140க்கு மேல். ஈரத்தோடு உள்ளே போகும் கிழங்கு முதல் இருபது நிமிடத்தைத் தன்னைக் காயவைப்பதிலேயே செலவழிக்கிறது. ஓவனுக்குள் நீராவி நிறைகிறது. பொருக்கு மெலிதாகிறது.

ஐந்தாம் ஞாயிறு இதை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தேன். தென்மேல் பருவக்காற்று தொடங்கி, காலையிலிருந்து கடல் தெரியாத மழை. உப்புச்சாடி கட்டிபட்டு நின்ற நாள். ஒரே பானைக் கிழங்கை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியை வடித்துக் குலுக்கி உடனே தட்டுக்கு மாற்றினேன். மறுபாதியை, வடித்த சூட்டிலேயே மூடாமல் ஐந்து நிமிடம் ஆவி போகவிட்டுப் பிறகு குலுக்கி, அம்மாவின் சுளகில் வாழையிலைத் துண்டு விரித்து ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி, மின்விசிறிக்குக் கீழே இருபது நிமிடம் வைத்தேன். பளபளப்பு மெல்ல மங்கி, விபூதி பூசியதுபோல் வெளுத்தன. இரண்டு பாதியும் அதே சூட்டில் அதே நேரம் வெந்தன. உடனே போனவை வெளிர் பொன்னிறம், பொருக்கு நகத்தால் உரிக்கலாம். காய்ந்து போனவை ஆழ்ந்த பொன்னிறம், கரண்டியால் தட்டினால் ஓட்டைத் தட்டுவதுபோல் ஒலித்தன. அரை மணி நேரம் கழித்தும் விளிம்புகள் மொறுமொறுவென்றே இருந்தன. மழைநாளில் கொழும்புக் காற்றுக்கு அது பெரிய தாக்குப்பிடிப்பு.

இடையில் மாப் பூசியும் பார்த்தேன். ரவை தூவினால் சத்தம் வருகிறது, ஆனால் கிழங்கின் மொறுமொறுப்பு வேறு, ரவையின் நறநறப்பு வேறு என்று நாக்குக்குத் தெரிகிறது. வறுத்த அரிசிமா தேவலை, மெல்லிய பொருக்கு வந்தது. சோடாவில் அவித்துக் குலுக்கிக் காயவைத்த கிழங்குக்கு இரண்டும் தேவைப்படவில்லை. நேரமில்லாத நாளில் அரிசிமா ஒரு மேசைக்கரண்டி தூவிக்கொள்ளலாம்.

ஆறாம் ஞாயிறு அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் வந்தார்கள். எண்ணெய் விடயத்தில் அப்பாவுக்காக ஒரு முடிவு எடுத்திருந்தேன். நெய் சூட்டைத் தாங்கும், மணமும் அதற்குத்தான். ஆனால் முழுக்க நெய்யென்றால் தாச்சியை அலுமாரிக்குள் வைத்ததில் பொருளில்லை. சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, நெய் ஒரு தேக்கரண்டி. சிறு சட்டியில் அதைச் சூடாக்கி, நசுக்கிய உள்ளி ஐந்து பல், இரண்டு நெட்டுக் கறிவேப்பிலை, கிள்ளிய செத்தல் மிளகாய் மூன்று போட்டுப் பொன்னிறமானதும் அரித்தெடுத்துத் தனியே வைத்தேன். இவை கிழங்கோடு ஓவனுக்குள் போனால் கருகிக் கசந்துவிடும். மணத்தை எண்ணெயில் இறக்கிவிட்டு வெளியே காத்திருக்கட்டும்.

ஓவனை அரை மணி நேரம் முன்னதாகவே 230இல் போட்டு, தடித்த தட்டையும் உள்ளேயே வைத்திருந்தேன். ஓவனோடு வந்த மெல்லிய தட்டு சூட்டில் 'டங்' என்று வளைந்து எண்ணெயை ஒரு மூலைக்குத் தள்ளுகிறது, அதை ஒதுக்கிவிட்டேன். வெப்பமானி 210ஐத் தாண்டியதும் தட்டை எடுத்து, மணமேறிய எண்ணெயை ஊற்றி, காய்ந்த கிழங்கைப் போட்டேன். ஒவ்வொன்றும் விழும்போது சீறியது. விரற்கிடை இடைவெளி விட்டு, தட்டையான வெட்டுமுகம் கீழே இருக்கும்படி திருப்பி வைத்து, கதவை மூடினேன்.

இருபத்தைந்து நிமிடம் கதவைத் தொடவில்லை. இந்த நேரத்துக்குள் புரட்டப் போனால் பொருக்கு தட்டோடு ஒட்டிப் பிய்ந்துவிடும். பொருக்கு முற்றியதும் தானே தட்டை விட்டுவிடும். மெல்லிய தோசைக்கரண்டியால் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இன்னொரு இருபது நிமிடம். கடைசியில் உள்ளி, கறிவேப்பிலை, மிளகாயைத் தூவி, உப்பைக் கையால் நொறுக்கிப் போட்டு, மூடாமல் மேசைக்குக் கொண்டுபோனேன். மூடினால் அதன் ஆவியே அதை இளக்கிவிடும்.

அப்பா சோற்றையும் பருப்பையும் குழைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். முதல் துண்டைக் கடித்தபோது மேசையின் மறுமுனையில் இருந்த எனக்குக் கேட்டது. உள்ளே இருந்து ஆவி கிளம்பியது, மா மாவாக உதிர்ந்தது. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது துண்டையும் மூன்றாவதையும் எடுத்துவிட்டு, பிள்ளைகளின் கோப்பைகளைப் பார்த்து, நான்காவதை எடுக்கலாமா என்று அம்மாவிடம் கண்ணால் கேட்டார். அம்மா தன் கோப்பையிலிருந்த ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஏழு பேருக்கு 750 கிராம் போதவில்லை. இரண்டு தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கீழ்த்தட்டுக் கிழங்கு மேற்சூடு கிடைக்காமல் நீராவியில் வெளிறிப் போகும் என்று முன்பே பார்த்திருந்ததால், இரண்டாவது பங்கைச் சுளகில் ஆயத்தமாக வைத்திருந்தேன். தட்டை மறுபடி சூடேறவிட்டு, அதே ஒழுங்கில் இன்னொரு முக்கால் மணி நேரம். மூத்த மருமகன் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வெப்பமானி முள்ளை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உரத்து வாசித்தான். "இருநூறு. இருநூற்று ஐந்து." அம்மா குசினிக்குள் எட்டிப் பார்த்து, "தம்பி, போறணைக் கதவைப் பிள்ளை தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்" என்றார்.